பிள்ளை கும்பிடுது: ஒரு வலிப்பின் வரலாறு

எங்கட அக்காவின் மகனுக்கு அப்போது ஐந்து மாதம். நித்திரையால் எழும்பின உடனே தலையை முன்னுக்குக் குனிந்து, இரண்டு கையையும் விரித்து மடக்கி, ஒரு செக்கன் அப்படியே நின்றுவிட்டுப் பிறகு தளர்வான். கொஞ்சம் கழித்துத் திரும்பவும் அதே. பத்து, பதினைந்து தரம் இப்படி. அம்மம்மா பார்த்துவிட்டு, "இங்க பாருங்கோவன், பிள்ளை கும்பிடுது" என்று சிரித்தா. எங்களுக்கும் அது வடிவாகத்தான் இருந்தது. அக்கா மட்டும் சிரிக்கேல்லை. ஒவ்வொரு தரமும் முடிய வீரிட்டு அழுகிறான், முந்தி மாதிரி முகம் பார்த்துச் சிரிக்கிறானில்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தா. முதல் காட்டின டொக்டர் வயிற்றுக் காற்று என்றார். இரண்டாவது ஆள் பல்லு முளைக்கப்போகுது என்றார். ஐந்து கிழமை போய்விட்டது.

மூன்றாவது இடத்தில் பிள்ளையின் தலையில் வயர் ஒட்டி ஈ.ஈ.ஜி எடுத்தார்கள். அந்த றிப்போர்ட்டில் இருந்த ஒரு சொல்லை எங்கள் வீட்டில் ஒருவருக்கும் வாசிக்கத் தெரியவில்லை: ஹிப்சரித்மியா. நான் கலைப்பீடத்தில் வரலாறு படிக்கிற ஆள். மருந்து எனக்குத் தெரியாது, இந்தக் கட்டுரையில் வைத்திய ஆலோசனை சொல்லவும் வரவில்லை. ஆனால் ஒரு சொல் எங்கேயிருந்து வந்தது என்று தேடிப் போகத் தெரியும். அப்படித் தேடிப் போனபோது முதலில் அகப்பட்டது ஒரு தகப்பனின் கடிதம்.

*

இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் டொன்பிரிட்ஜ் என்றொரு ஊர். அங்கே வில்லியம் ஜேம்ஸ் வெஸ்ட் என்ற வைத்தியர் இருந்தார். பெரிய பேராசிரியர் ஒன்றுமில்லை. வெட்டித் தைக்கிறதும் அவர்தான், மருந்து கலந்து கொடுக்கிறதும் அவர்தான் என்ற மாதிரியான அந்தக் காலத்து ஊர் வைத்தியர். 1841 ஜனவரி 26 என்று திகதி போட்டு, லண்டனில் இருந்து வருகிற 'லான்செட்' மருத்துவ இதழுக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். பெப்ரவரி 13இல் அது அச்சில் வந்தது. குழந்தைகளுக்கு வருகிற ஒரு விசித்திரமான வலிப்பைப் பற்றி எழுதுகிறேன், வேறு வைத்தியர்கள் இதைக் கண்டிருந்தால் எனக்குச் சொல்லுங்கள் என்பதுதான் கடிதத்தின் சாரம். தான் கண்ட ஒரேயொரு நோயாளி தன் சொந்தப் பிள்ளைதான் என்பதையும் அவர் மறைக்கவில்லை.

பிள்ளையின் பெயர் ஜேம்ஸ் எட்வின். நல்ல சுகமாகப் பிறந்து நான்கு மாதம்வரை நன்றாக வளர்ந்தவன். பிறகு தலை மெல்ல முன்னுக்கு ஆடத் தொடங்கியது. வெஸ்ட் அதை முதலில் பெரிதாக எடுக்கவில்லை. நாள் போகப்போக அந்த ஆட்டம் கூடியது. தலை முழங்காலை நோக்கி வேகமாகக் குனியும், உடனே நிமிரும். சில செக்கன் இடைவெளியில் பத்திலிருந்து இருபது தரத்துக்கு மேல். ஒரு தொடர் இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் போகாது. நாளுக்கு இரண்டு, மூன்று தொடர். இருந்தாலும் வரும், படுத்திருந்தாலும் வரும். முடிந்தவுடன் பிள்ளை பயந்த மாதிரிக் கத்துவான்.

இதை நான் முதன்முதல் வாசித்தபோது எங்கட வீட்டு விறாந்தையைத்தான் கண்டேன். 180 வருடத்துக்கு மேல் பழைய கடிதம், வேறு நாடு, வேறு மொழி. எண்ணிக்கைகூட மாறவில்லை.

கடிதத்தில் என்னை நிறுத்தி வைத்த இடம் வேறு. வெஸ்ட் வலிப்பை மட்டும் எழுதவில்லை. தன் பிள்ளை சிரிப்பதில்லை, சுற்றி நடப்பதைக் கவனிப்பதில்லை, ஆனால் கேள்வியும் பார்வையும் நன்றாக இருக்கின்றன என்றும் எழுதினார். ஒரு வயதை நெருங்குகிறான், தலை நிற்கவில்லை, கைகால் அந்த வயதுக்கு உரிய மாதிரி வேலை செய்யவில்லை என்றும் எழுதினார். அதாவது, வலிப்பும் வளர்ச்சி நின்றுபோவதும் ஒன்றோடொன்று சேர்ந்து வருகின்றன என்பதை அவர் கண்டார். இன்று மருத்துவப் புத்தகங்கள் 'வெஸ்ட் சின்ட்ரோம்' என்பதற்குச் சொல்கிற மூன்று அடையாளங்களில் இரண்டை ஒரு தகப்பன் தன் வீட்டிலேயே எழுதி முடித்துவிட்டார். மூன்றாவதைக் காண அவருக்கு வழியில்லை. அது மண்டையோட்டுக்குள் இருந்தது.

வைத்தியம் என்று அவர் செய்தவற்றை இப்போது வாசிக்கக் கஷ்டமாக இருக்கிறது. தலையில் அட்டை விட்டு இரத்தம் எடுத்தார். குளிர் ஒத்தடம் வைத்தார். பாதரசம் கலந்த பேதி மருந்து கொடுத்தார். அபின் கொடுத்தார். பல்லு முளைக்கிற எரிச்சலால் நரம்பு குழம்புகிறது என்று நினைத்து முரசைக் கீறியும் பார்த்தார். (எங்கட இரண்டாவது டொக்டரும் பல்லைத்தான் சொன்னார் என்பதை இங்கே ஞாபகப்படுத்தவேண்டும்.) பிறகு லண்டனுக்குப் போய் அந்தக் காலத்துப் பெயர்பெற்ற இருவரிடம் கேட்டார். ஒருவர் சேர் சார்ள்ஸ் கிளார்க். மற்றவர் சார்ள்ஸ் லொகொக், விக்டோரியா மகாராணியின் பிரசவ வைத்தியர். இதே லொகொக்தான் 1857இல் பொட்டாசியம் புரோமைட்டை வலிப்புக்குக் கொடுத்து வெற்றி கண்டதாக லண்டன் மருத்துவர்களின் கூட்டமொன்றில் சொன்னவர். உண்மையாகவே வேலை செய்த முதல் வலிப்பு மருந்து என்று அதைத்தான் சொல்வார்கள். வெஸ்ட் அவரிடம் போனது அதற்கு 16 வருடம் முந்தி. முந்திக் கிடைத்திருந்தாலும் இந்த வகை வலிப்பு சாதாரண மருந்துக்கு இலகுவில் அடங்குவதில்லை.

வெஸ்ட் 1848இல் இறந்தார். மகன் 1860வரை, 20 வயதுவரை இருந்தான்.

*

கிளார்க் இப்படியான நான்கு பிள்ளைகளைக் கண்டிருந்தாராம். அவர் அதற்கு வைத்திருந்த பெயர் 'சலாம் வலிப்பு'. குனிந்து நிமிர்கிற விதத்தால் வந்த பெயர். கிழக்கிந்தியக் கம்பனி இந்தியாவை ஆண்டுகொண்டிருந்த காலத்தில் லண்டன் வைத்தியர் ஒருவருக்கு, குனிகிற குழந்தையைக் கண்டதும் தன் நாட்டு வணக்கம் எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை. சலாம் போடுகிற ஆசியாக்காரன்தான் வந்தான். 'சலாம் போடுறது' என்றால் நாங்கள் தமிழில் என்ன அர்த்தத்தில் சொல்வோம் என்று உங்களுக்குத் தெரியும். அந்தப் பெயர் ஜெர்மன் மொழிக்குப் போய் 'மின்னல், தலையாட்டல், சலாம்' என்று மூன்று சொல் சேர்ந்த நீண்ட பெயராகவும் நின்றது. மருத்துவச் சொற்களுக்குள் காலனியம் இப்படிச் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும் என்று ஒரு செமினாரில் கதைக்கலாம். ஆனால் நியாயமாகச் சொன்னால் அம்மம்மாவும் அதையேதான் செய்தா. வணங்குகிற மாதிரி ஒரு அசைவு, அதற்குத் தெரிந்த சொல். வித்தியாசம் என்னவென்றால், அம்மம்மா சொன்னது வீட்டோடு நின்றது, கிளார்க் சொன்னது புத்தகத்துக்குப் போனது.

வலிப்புக்கு எங்களிடமும் பழைய பெயர் உண்டு: முயலகன். நடராசரின் காலுக்குக் கீழே கிடக்கிறவனின் பெயரும் அதுதான். கொல்லி மழவன் என்ற சிற்றரசன், எந்த வைத்தியத்துக்கும் அடங்காத முயலகன் நோயோடு இருந்த தன் மகளைத் திருப்பாச்சிலாச்சிராமத்துக் கோயிலில் கிடத்திவிட்டான், சம்பந்தர் பாடி அவளைக் குணமாக்கினார் என்று பெரியபுராணம் சொல்கிறது. அற்புதத்தை நம்புவதும் விடுவதும் உங்கள் விருப்பம். எனக்கு அந்தக் கதையில் தெரிவது, செய்யக்கூடியதை எல்லாம் செய்து முடித்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிற்கிற ஒரு தகப்பன். வெஸ்ட்டுக்கு அந்த இடத்தில் இருந்தது ஒரு மருத்துவ இதழ்.

*

மண்டையோட்டுக்குள் பார்க்க இன்னும் எண்பது வருடத்துக்கு மேல் எடுத்தது. 1875இல் லிவர்பூலில் ரிச்சர்ட் கேட்டன் என்பவர் முயல், குரங்குகளின் மூளை மேற்பரப்பில் மின்னோட்டம் இருப்பதைக் கண்டார். மனிதரில் அதைப் பதிந்தவர் ஜெர்மனியின் ஜேனா நகரத்து மனநல வைத்தியர் ஹான்ஸ் பேர்கர்.

பேர்கரின் கதை கொஞ்சம் விசித்திரமானது. இளவயதில் இராணுவப் பயிற்சியின்போது குதிரையால் விழுந்து மயிரிழையில் தப்பினார். அன்றே தகப்பனிடமிருந்து தந்தி வந்தது, நீ சுகமா என்று. தூரத்தில் இருந்த சகோதரிக்கு, அவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று மனசு சொன்னதாம். மனசில் இருந்து மனசுக்கு ஏதோ ஒரு சக்தி போகிறது என்று பேர்கர் நம்பிவிட்டார். அதை அளக்கத்தான் மூளையின் மின்சாரத்தைத் தேடிப் போனார். தேடினது கிடைக்கவில்லை, வேறொன்று கிடைத்தது. 1924இல் மண்டையோட்டில் சத்திரசிகிச்சையால் திறப்பு இருந்த ஒரு பையனிடம் முதல் அலையைப் பதிந்தார். ஐந்து வருடம் வெளியில் சொல்லவில்லை. 1929இல்தான் எழுதினார். அவர் தலையில் வயர் வைத்துத் திரும்பத் திரும்பப் பதிந்த ஆட்களில் ஒருவர் அவருடைய சொந்த மகன் கிளவுஸ். இந்த வரலாற்றில் தகப்பன்மாரும் மகன்மாரும் வந்துகொண்டே இருக்கிறார்கள்.

பேர்கரை ஒரு பாவப்பட்ட அறிஞராகக் காட்டுவது நீண்ட காலம் வழக்கமாக இருந்தது. நாசிகள் அவரை ஒதுக்கினார்கள், மனம் நொந்து 1941இல் தற்கொலை செய்தார் என்ற மாதிரி. தற்கொலை உண்மை. மற்றப் பகுதி அவ்வளவு சுத்தமில்லை. 1933 ஜூலையில் நாசி அரசு ஒரு சட்டம் போட்டது. பரம்பரை நோய் உள்ளவர்கள் என்று முடிவு செய்யப்பட்டவர்களைக் கட்டாயமாகக் கருத்தடை செய்யலாம். அந்தச் சட்டத்தின் நோய்ப் பட்டியலில் வலிப்பும் இருந்தது. ஏறக்குறைய நான்கு இலட்சம் பேர் அதற்குப் பலியானார்கள். யாருக்குச் செய்யவேண்டும் என்று தீர்ப்புச் சொன்ன நீதிமன்றங்களில் வைத்தியர்களும் இருந்தார்கள். ஜேனாவில் அப்படி இருந்தவர்களில் பேர்கரும் ஒருவர் என்பதை அண்மைக்கால ஆய்வாளர்கள் ஆவணங்களோடு காட்டியிருக்கிறார்கள். வலிப்பைக் காட்டித் தந்த கருவியைச் செய்த மனிதர், வலிப்புள்ளவர்களுக்குப் பிள்ளை பிறக்கக்கூடாது என்று முடிவெடுத்த மேசையிலும் இருந்திருக்கிறார்.

1939 ஓகஸ்ட்டில் இன்னொரு உத்தரவு வந்தது. மூளை வளர்ச்சி குன்றிய, உடல் ஊனமுற்ற, மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளை மருத்துவிச்சிகளும் வைத்தியர்களும் அரசுக்குப் பதிவுசெய்து அறிவிக்கவேண்டும் என்று. அப்படி அறிவிக்கப்பட்ட ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வைத்தியசாலைகளிலேயே கொல்லப்பட்டார்கள். ஜேம்ஸ் எட்வின் நூறு வருடம் பிந்தி, ஜெர்மனியில் பிறந்திருந்தால் எந்தப் பட்டியலில் இருந்திருப்பான் என்று யோசிக்காமல் என்னால் இந்த இடத்தைத் தாண்ட முடியவில்லை. ஈ.ஈ.ஜியின் வரலாற்றை வெறும் கண்டுபிடிப்புக் கதையாகச் சொல்லுகிறவர்கள் இதை ஒரு அடிக்குறிப்புக்குள் தள்ளிவிடுகிறார்கள். அது சரியென்று எனக்குப் படவில்லை.

*

அந்தக் கருவி வலிப்பு நோயாளிகளுக்கு உண்மையில் பயன்படத் தொடங்கியது அமெரிக்காவில். 1935இல் பொஸ்டனில் பிரெடெரிக் கிப்ஸ், ஹலொவெல் டேவிஸ், வில்லியம் லெனொக்ஸ் மூவரும், சில செக்கன் வெறித்துப் பார்த்துக்கொண்டு நிற்கிற ஒரு வகை வலிப்பில் செக்கனுக்கு மூன்று தரம் வருகிற ஒரு ஒழுங்கான அலையைக் காட்டினார்கள். 'பேய் பிடிச்சிட்டுது' என்ற சொல்லுக்கு முன்னால் வைக்க முதல்முறையாகக் கடதாசியில் ஒரு படம் கிடைத்தது.

கிப்ஸின் மனைவி ஏர்னா ஜெர்மனியில் பிறந்தவர், லெனொக்ஸின் ஆய்வுகூடத்தில் உதவியாளராக வேலை செய்தவர். வைத்தியப் பட்டம் அவரிடம் இல்லை. கணவனும் மனைவியும் ஆயிரக்கணக்கான ஆட்களின் பதிவுகளைப் பார்த்து ஒரு படத்தொகுப்புப் போட்டார்கள். 1941இல் முதல் பதிப்பு. பிறகு சிக்காகோவுக்குப் போய் வேலையைத் தொடர்ந்தார்கள். நித்திரையில் பதிந்தால்தான் பல கோளாறுகள் வெளிவரும் என்பதை வற்புறுத்தியவர்களும் இவர்கள்தான். 1951இல் லெனொக்ஸுக்கும் பிரெடெரிக் கிப்ஸுக்கும் லாஸ்கர் விருது கொடுத்தார்கள். ஏர்னாவின் பெயர் அதில் இல்லை. படத்தொகுப்பின் அட்டையில் இருந்த பெயர் விருதுக் கடதாசியில் இல்லாமல் போவது எப்படி என்று விளக்கவேண்டிய தேவை எங்கள் வாசகர்களுக்கு இராது.

1952இல் வந்த இரண்டாம் தொகுதி முழுக்க வலிப்புப் பற்றியது. அதில்தான் அக்காவின் றிப்போர்ட்டில் இருந்த சொல் பிறந்தது. கிரேக்கத்தில் 'ஹிப்சோஸ்' என்றால் உயரம். 'அரித்மியா' என்றால் தாளம் கெட்டது. உயரமான தாளக்கேடு.

படத்தை ஒருதரம் பார்த்தால் பெயர் ஏன் என்று விளங்கும். மூளை நரம்புகள் ஆயிரக்கணக்கில் சேர்ந்து இயங்கும்போது வருகிற மின்னழுத்தம், தலைத்தோலுக்கு வரும்போது ஒரு வோல்ட்டின் பத்து இலட்சத்தில் சில பத்துப் பங்குதான். அந்த அளவை மைக்ரோவோல்ட் என்பார்கள். டோர்ச் பற்றரி ஒன்று ஒன்றரை வோல்ட் என்பதை நினைத்துப் பாருங்கள். சுகமான பிள்ளையில் இந்த அலைகள் வயதுக்கேற்ற ஒரு ஒழுங்கில் போகும். நித்திரையில் மெதுவாகும், இடது வலது ஓரளவு ஒத்துப்போகும். ஹிப்சரித்மியாவில் அலைகள் 200, 300 மைக்ரோவோல்ட்டுக்கு மேலே மலை மாதிரி எழும்பும். ஒரு வயரின் கோடும் அடுத்ததன் கோடும் ஒத்துப்போகாது. நடுவில் கூரான முட்கள், இப்போது ஒரு இடத்தில், அடுத்த செக்கன் வேறிடத்தில். வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்த வகுப்பு இன்டர்வெல் மணி அடித்தவுடன் எப்படியிருக்கும், அப்படி. பிறகு பிள்ளை அந்தக் குனிதலைச் செய்கிற கணத்தில் ஒரு பெரிய அலை வந்து, கோடுகள் திடீரென்று தட்டையாகும். பிரின்சிபல் வாசலில் வந்து நின்ற மாதிரி.

இதில் எனக்குப் பயத்தைத் தந்தது மலை இல்லை. அந்தக் குழப்பம் வலிப்பு வராத நேரத்திலும், முக்கியமாக நித்திரையில், ஓடிக்கொண்டே இருக்கிறது என்பதுதான். நாங்கள் பிள்ளை நல்லா நித்திரை கொள்ளுது என்று கதவைச் சாத்திக்கொண்டு வந்த நேரமெல்லாம் உள்ளே அதுதான் நடந்திருக்கிறது. மூளை தன்னை வேகமாகக் கட்டியெழுப்புகிற மாதங்கள் அவை. சிரிப்பு, கழுத்து நிற்பது, குரலுக்குத் திரும்புவது எல்லாம் அந்த மாதங்களில்தான் வரவேண்டும். வெஸ்ட் தன் மகன் சிரிக்கவில்லை என்று எழுதியதற்கும் கிப்ஸ் தம்பதியின் கடதாசியில் இருந்த கோடுகளுக்கும் இடையில் உள்ள தொடர்பு இதுதான்.

கிப்ஸ் தம்பதியின் புத்தகத்துக்கு முந்திய வருடம் ஆர்ஜென்டினாவில் வாஸ்கெஸ், டேர்னர் என்ற இரு வைத்தியர்களும் இதே நோயை ஸ்பானிய மொழியில் விவரித்திருந்தார்கள். ஆங்கிலத்தில் இல்லாததால் அது பின்னுக்குப் போய்விட்டது. பிறகு 1960களில் பிரான்ஸின் மார்சேயில் ஹென்றி கஸ்தோவும் அவருடைய ஆட்களும் பழைய லான்செட் கடிதத்தைத் தூசு தட்டி எடுத்து, நோய்க்கு வெஸ்ட்டின் பெயரை நிலைக்கவைத்தார்கள்.

*

மருந்து கிடைத்த விதம் வேறு கதை. பன்றிகளின் மூளையடிச் சுரப்பியில் இருந்து எடுத்த ஏ.சி.ரி.எச் என்ற ஹோர்மோன் 1950 அளவில் மூட்டுவாதம் போன்றவற்றுக்குக் கொடுக்கப்பட்டு வந்தது. 1958இல் பெல்ஜியத்தில் சொரெல், டுசோசி-பொலுவா என்ற இருவரும் ஹிப்சரித்மியா இருந்த 21 பிள்ளைகளைப் பற்றி எழுதினார்கள். ஏ.சி.ரி.எச் கொடுத்தபோது வலிப்பும் நின்றது, அந்த மலைகளும் இறங்கின. ஒரு ஹோர்மோன் ஏன் வலிப்பை நிறுத்தவேண்டும் என்பதற்கு இன்றுவரை முழு விளக்கம் இல்லை. ஆனால் நிறுத்துகிறது, எல்லாப் பிள்ளைகளிலும் இல்லாவிட்டாலும்.

இங்கேதான் கதைக்குள் காசு வருகிறது. அமெரிக்காவில் இந்த மருந்து 'அக்தார்' என்ற பெயரில் 1952இலிருந்து இருக்கிறது. 2001இல் ஒரு குப்பி ஏறக்குறைய 40 டொலர். உரிமையை குவெஸ்ட்கோர் என்ற கம்பனி வாங்கியது. 2007இல் 1,600 டொலரளவில் இருந்த விலை ஒரே அடியாக 23,000 டொலரைத் தாண்டியது. மருந்தில் ஒரு மாற்றமும் இல்லை. செயற்கையாகச் செய்த ஏ.சி.ரி.எச் ஒன்று, 'சினாக்தென் டிப்போ', வேறு நாடுகளில் மலிவாக இருந்தது. 2013இல் குவெஸ்ட்கோர் அதன் அமெரிக்க உரிமையையும் வாங்கியது. போட்டி வராமல் தடுக்கத்தான் வாங்கினார்கள் என்று அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழு குற்றஞ்சாட்டியது. அதற்குள் குவெஸ்ட்கோரை வாங்கியிருந்த மலின்க்ரொட் கம்பனி 2017இல் 100 மில்லியன் டொலர் கட்டி விசயத்தை முடித்தது. அப்போது குப்பி 34,000 டொலருக்கு மேல். ஐந்து மாதப் பிள்ளை கும்பிடத் தொடங்கினால் சந்தைக்கு அதுவும் ஒரு வாய்ப்புத்தான்.

விலை கூடினது நியாயமா என்ற கேள்வியைவிட, அந்த மருந்துதான் வேண்டுமா என்ற கேள்விக்குப் பதில் வேறு இடங்களில் இருந்து வந்தது. 2004இல் பிரித்தானியாவில் 107 பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வொன்று வெளிவந்தது, அதே லான்செட்டில். ஒரு பகுதிக்கு ஹோர்மோன் மருந்து, மற்றப் பகுதிக்கு விகபட்ரின் என்ற வலிப்பு மருந்து. இரண்டு கிழமையில் ஹோர்மோன் எடுத்தவர்களில் 73 வீதமானோருக்கு வலிப்பு நின்றது, விகபட்ரின் எடுத்தவர்களில் 54 வீதம். ஹோர்மோன் பகுதிக்குள் சிலருக்கு ஊசி, சிலருக்குச் சாதாரண பிரெட்னிசொலோன் குளிசை. குளிசைக்கு 70 வீதம், ஊசிக்கு 76 வீதம். பெரிய வித்தியாசமில்லை. பிரெட்னிசொலோன் என்றால் ஆஸ்துமா கூடினால் எங்கள் பாமசிகளிலும் கிடைக்கிற அந்தக் குளிசைதான்.

அடுத்த முக்கியமான ஆய்வு கொழும்பில் நடந்தது. இதை நான் எதிர்பார்க்கவில்லை. சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் பேராசிரியர் ஜித்தாங்கி வனிகசிங்கவும் அவருடைய குழுவும் 97 பிள்ளைகளை இரண்டாகப் பிரித்து, 48 பேருக்குக் குளிசையும் 49 பேருக்கு ஏ.சி.ரி.எச் ஊசியும் கொடுத்துப் பார்த்தார்கள். 2015இல் முடிவு வந்தது. பதினான்காம் நாள் குளிசைப் பக்கத்தில் 58.3 வீதமானோருக்கும் ஊசிப் பக்கத்தில் 36.7 வீதமானோருக்கும் வலிப்பு நின்றிருந்தது. ஈ.ஈ.ஜியில் அந்தக் குழப்பம் எவ்வளவு இறங்கியது என்பதையும் புள்ளி போட்டு ஒப்பிட்டார்கள். கொடுத்த ஊசியின் அளவு சில நாடுகளில் கொடுப்பதைவிடக் குறைவு, ஆகவே ஊசி தோற்றுவிட்டது என்று ஒரேயடியாகச் சொல்ல முடியாது. ஆனாலும் 34,000 டொலர்க் குப்பி இல்லாத ஊர்களுக்கு இந்த எண்கள் என்ன அர்த்தம் என்பதை யோசியுங்கள். இலங்கையின் அரச வைத்தியசாலை ஒன்றில் இருந்து உலகம் படிக்கிற ஒரு முடிவு வந்திருக்கிறது. எங்கள் பாடப்புத்தகங்களில் கண்டுபிடிப்புகள் எப்போதும் வேறெங்கோ நடக்கின்றன என்பதால் இதைக் கொஞ்சம் சத்தமாகவே சொல்கிறேன்.

ஆனால் எந்த மருந்து என்பதோடு எப்போது என்பதும் சேர்ந்தே வருகிறது. 2004 ஆய்வில் இருந்த பிள்ளைகளை நான்கு வயதில் திரும்பப் பார்த்தார்கள். தொடக்கத்திலிருந்து மருந்து தொடங்கும்வரை போன நாட்களை ஒரு கிழமை, இரண்டு கிழமை, ஒரு மாதம், இரண்டு மாதம், அதற்கும் மேல் என்று படிகளாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு படி பிந்தவும் பிள்ளையின் வளர்ச்சிப் புள்ளி சராசரியாக 3.9 குறைந்தது. இந்த எண்ணை அக்காவுக்கு நான் இன்னும் சொல்லவில்லை. இந்தக் கட்டுரையை அவ வாசிப்பாவோ தெரியாது.

*

வரைபடத்தை அளவுக்கு மீறி நம்பவும் கூடாது என்பதும் இந்த வரலாற்றுக்குள் வந்துவிட்டது. அமெரிக்காவில் குழந்தை ஈ.ஈ.ஜி வாசிப்பதில் தேர்ந்தவர்களிடம் ஒரே பதிவுகளைக் கொடுத்து, இது ஹிப்சரித்மியாவா இல்லையா என்று கேட்டார்கள். 2015இல் வந்த அந்த ஆய்வில், ஒருவரின் பதில் மற்றவரின் பதிலோடு சரியாக ஒத்துப்போகவில்லை. ஆறு தசாப்தமாக நோயின் முத்திரையாக இருந்த ஒன்று, பார்ப்பவரின் கண்ணுக்கு ஏற்ப மாறியது. இதே வலிப்பு வருகிற சில பிள்ளைகளில் அந்தப் படம் வருவதேயில்லை. 2022இல் சர்வதேச வலிப்புக்கெதிரான சங்கம் நோயின் பெயரைக் 'குழந்தைப்பருவ வலிப்புத் துடிப்புச் சின்ட்ரோம்' என்ற அர்த்தம் வருகிற மாதிரி மாற்றி விரித்தபோது, ஹிப்சரித்மியா கட்டாயம் இருக்கவேண்டும் என்ற நிபந்தனையை எடுத்துவிட்டது. ஈ.ஈ.ஜி தேவையில்லை என்று அர்த்தமில்லை. அது எடுக்கத்தான் வேண்டும், கோளாறு தெரியத்தான் வேண்டும். ஆனால் அந்தக் குறிப்பிட்ட மலைகள் வரும்வரை காத்திருக்கவேண்டிய அவசியம் இல்லை. சலாமும் போய்விட்டது, வெஸ்ட்டும் பெயர்ப்பலகையில் கொஞ்சம் பின்னுக்குப் போய்விட்டார். அவர் பார்த்த மாதிரிப் பார்ப்பது திரும்ப முன்னுக்கு வந்திருக்கிறது.

அன்றைக்கு ஈ.ஈ.ஜி அறையில் இருந்த மிஸ் வயர் ஒட்ட முந்தி அக்காவிடம் கேட்ட முதல் கேள்வி, "வீடியோ இருக்கா?" என்பதுதான். இருந்தது. அம்மம்மா சிரிக்கிற சத்தத்தோடு 41 செக்கன். மிஸ் அதை ஒருதரம் பார்த்தா, போனைத் திருப்பிக் கொடுக்காமலே எழும்பிப்போய் டொக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தா. முந்தின இரண்டு இடத்திலும் அதே வீடியோ அக்காவின் போனில் இருந்தது. ஒருவரும் கேட்கவில்லை, அக்கா காட்டப் போனபோது பார்க்கவும் நேரமிருக்கவில்லை.

குளிசை தொடங்கி ஒன்பதாம் நாள் கும்பிடுவது நின்றது. இப்போது மருமகனுக்கு மூன்று வயது. நடக்கிறான், ஓடுகிறான், கதை குறைவு. பத்துப் பன்னிரண்டு சொல் வரும், அதில் ஒன்று அம்மம்மா. கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனால் எல்லாப் பிள்ளைகளையும் போலக் கையைக் கூப்பச் சொல்லிக் கொடுக்கிறோம். அவன் குனிகிற நேரம் அக்காவின் கை தானாக அவனுடைய முதுகுக்குப் போகும்.